மாடிப்படிக்கு அடியில் ஒரு முக்கோணம்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மாடிப்படி இருந்தால் அதன் அடியில் எட்டிப் பாருங்கள். பழைய செருப்புகள், உடைந்த நாற்காலி, காலிச் சாக்குகள், துடைப்பம், யாரும் ஓட்டாத ஒரு சிறுவர் சைக்கிள். இவற்றில் சிலவாவது கண்ணில் படும். 'அந்த மூலை எதற்கும் உதவாது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது மூலைதானா? அளந்து பார்ப்போம், வாருங்கள்.

ஒரு படியின் உயரம் 16 செ.மீ., அகலம் 25 செ.மீ. என்று வைத்துக் கொள்வோம். 25 செ.மீ. முன்னே போனால் 16 செ.மீ. மேலே ஏறுகிறோம். ஆகவே சரிவு 16/25, அதாவது 0.64. படிகளைத் தாங்கும் கான்கிரீட் பலகையின் அடிப்பாகமும் இதே சரிவில்தான் இருக்கும். அதன் கீழே தரையில் 4 மீட்டர் நீளம் இருந்தால், உயரமான பக்கத்தின் உயரம் 4 × 0.64 = 2.56 மீட்டர். கிடைப்பது ஒரு செங்கோண முக்கோணம். அதன் பரப்பு ½ × 4 × 2.56 = 5.12 சதுர மீட்டர். படியின் அகலம் 90 செ.மீ. என்றால் கொள்ளளவு 4.6 கன மீட்டர், அதாவது 4,600 லிட்டர். 'எதற்கும் உதவாத' மூலையில் 300 குடம் தண்ணீருக்கு மேல் நிற்கும்!

சிக்கல் என்னவென்றால், பெட்டி, அலமாரி, பீரோ எல்லாமே செவ்வக வடிவம். இடமோ முக்கோணம். இதற்குள் மிகப் பெரிய பெட்டி ஒன்றை வைக்க வேண்டுமானால் அதன் அளவு என்ன?

முக்கோணத்தின் கூர்மையான முனையிலிருந்து 1 மீட்டர் தள்ளிப் பெட்டியைத் தொடங்கினால், அங்கே உயரம் 0.64 மீட்டர்தான். நீளம் 3 மீட்டர். பரப்பு 1.92 சதுர மீட்டர். 3 மீட்டர் தள்ளித் தொடங்கினால் உயரம் 1.92, நீளம் 1. மறுபடியும் அதே 1.92. நடுவில், 2 மீட்டரில் தொடங்கினால் உயரம் 1.28, நீளம் 2. பரப்பு 2.56. இதுதான் உச்சம். இது முக்கோணத்தின் பரப்பில் சரியாகப் பாதி என்பதைக் கவனித்தீர்களா?

இது தற்செயல் அல்ல. காகிதத்தில் ஏதாவது ஒரு செங்கோண முக்கோணத்தை வெட்டிக் கொள்ளுங்கள். செங்கோணத்தை ஒரு மூலையாகக் கொண்டு, இரு பக்கங்களின் நடுப்புள்ளிகள் வரை ஒரு செவ்வகம் வரையுங்கள். மிஞ்சியிருக்கும் இரண்டு சிறு முக்கோணங்களையும் செவ்வகத்தின் மேல் மடியுங்கள். இம்மி பிசகாமல் மூடிவிடும். ஆகவே செவ்வகம் பாதி, மிச்சம் பாதி. நடுப்புள்ளியை விட்டு வேறிடத்தில் வரைந்தால் மடித்த துண்டு செவ்வகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதாவது செவ்வகம் பாதிக்கும் குறைவு. எவ்வளவு கெட்டிக்காரத் தச்சராக இருந்தாலும் ஒரே பெட்டியால் பாதிக்கு மேல் நிரப்ப முடியாது.

ஒன்று போதாதென்றால் மூன்று வைப்போம். நான்கு மீட்டரை 1 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, முனைத் துண்டை விட்டுவிட்டு மற்ற மூன்றிலும் 64, 128, 192 செ.மீ. உயரப் பெட்டிகளை வைத்தால் மொத்தப் பரப்பு 3.84 சதுர மீட்டர். முக்கால் பங்கு நிரம்பிவிட்டது! இரண்டு பெட்டியானால் 2/3, மூன்றானால் 3/4, நான்கானால் 4/5. ஒழுங்கு புரிகிறதல்லவா? பெட்டிகள் கூடக் கூட முழுமையை நெருங்குகிறோம், ஆனால் தொடுவதில்லை. வளைந்த உருவங்களின் பரப்பையும் இப்படிச் சிறு செவ்வகங்களாக வெட்டிக் கூட்டித்தான் காண்கிறார்கள். மேல்வகுப்பில் தொகை நுண்கணிதம் என்ற பெயரில் இதை மறுபடி சந்திப்பீர்கள்.

வீட்டுக்கு மூன்று போதும் என்பது என் கருத்து. நான்காவது பெட்டியால் கிடைப்பது மேலும் இருபதில் ஒரு பங்குதான். பலகைச் செலவோ ஏறிவிடும். விட்டுவைத்த முனையில் செருப்பு வைக்கலாம். பெட்டியின் ஆழம் 90 செ.மீ. என்பதால் கை எட்டாது. ஆகவே தாழ்ந்த பெட்டிக்குச் சக்கரம் பொருத்தி வெளியே இழுக்கும்படி செய்வது நல்லது. அதில் புத்தகங்களை மட்டும் அடுக்காதீர்கள். காகிதக் கட்டின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுத்தான் குறைவு. 576 லிட்டர் பெட்டி நிறையப் புத்தகம் வைத்தால் பல நூறு கிலோ, யார் இழுப்பது?

இனி, கதவு போட்டு மூடுவதற்கு முன் ஒரு முக்கியமான செய்தி. இந்த முக்கோணத்தில் சமையல் எரிவாயு உருளையை வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த வாயு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. காற்றைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீரைப்போல் தரையில் தேங்கும். காற்றில் 2 சதவீதம் அளவுக்குக் கலந்துவிட்டாலே தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். நம்முடைய 4,600 லிட்டரில் 2 சதவீதம் 92 லிட்டர். அறை வெப்பத்தில் ஒரு மோல் வாயு சுமார் 24 லிட்டர் இடம் கொள்ளும். ஆக 92 லிட்டர் என்பது ஏறத்தாழ 4 மோல். எடை சுமார் 200 கிராம். வீட்டு உருளையில் இருப்பதோ 14.2 கிலோகிராம்! அதில் எழுபதில் ஒரு பங்கு கசிந்தாலே மூடிய முக்கோணம் முழுவதும் வெடிக்கும் கலவையாகிவிடும். தரையோரத்தில் மட்டும் தேங்கினால் இதைவிடக் குறைவே போதும்.

இன்வெர்ட்டர் மின்கலத்தின் கதை நேர் எதிர். ஈய-அமில மின்கலம் மின்னேற்றம் பெறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அது வாயுக்களில் எல்லாம் இலேசானது. நேரே மேலே ஏறி, முக்கோணத்தின் உச்சி மூலையில் சிக்கிக்கொள்ளும். 4 சதவீதம் சேர்ந்தால் ஆபத்து. ஆகவே மின்கலம் வைக்கும் இடத்துக்கு மூடிய கதவு கூடாது. உச்சி மூலை திறந்திருக்க வேண்டும். கம்பி வலை போதும். எரிவாயு உருளைக்கும் மண்ணெண்ணெய்க்கும் அங்கே இடமே இல்லை. தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் இறங்கி ஓட வேண்டிய வழி அந்தப் படிதானே? பெரும்பாலான வீடுகளில் வேறு வழியும் கிடையாது. உங்கள் வீட்டில் அங்கே உருளை இருந்தால் இன்றே அப்பாவிடமோ அம்மாவிடமோ இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

துணி, பாத்திரம், கோலி குண்டுப் பெட்டி எல்லாம் தாராளமாக வைக்கலாம். பலகையைத் தரையிலிருந்து 10 செ.மீ. உயர்த்தியும் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளியும் வையுங்கள். காற்றோட்டம் இருந்தால் ஈரம் தங்காது. கரையான் வந்தாலும் அதன் மண்கோடு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மாடிப்படி இல்லாத வீட்டில் பரண் இருக்கும். வெயில் நேரே விழும் கான்கிரீட் கூரைக்குப் பக்கத்தில் இருப்பதால் வீட்டிலேயே அதிகம் சூடாவது பரண்தான். மருந்து, புகைப்படம், மெழுகுவர்த்தி ஆகியவற்றை அங்கே ஏற்றாதீர்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. சில வீடுகளில் படி பாதி உயரத்தில் ஒரு சிறு தளத்தை அடைந்து, திரும்பி மேலே போகும். அந்தத் தளம் 1 மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலம், அதன் அடியில் உயரம் 1.28 மீட்டர். அதற்கு முந்தைய படிகளின் அடியில் தரை நீளம் 2 மீட்டர், அகலம் அதே 90 செ.மீ. மொத்த இடம் எத்தனை லிட்டர்? அதில் ஒரே ஒரு பெட்டி வைப்பதானால் எங்கே தொடங்க வேண்டும்? (குறிப்பு: தளத்தின் அடியில் இருக்கும் இடம் முக்கோணம் அல்ல.)