பணம் வாங்க பின் நம்பர் எதற்கு?

பழவேற்காட்டில் பனையோலைப் பெட்டி முடைகிறவர்கள், கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கம் வீட்டிலிருந்தபடியே ஒயர் கூடை பின்னுகிறவர்கள், டெரகோட்டா ஜிமிக்கி செய்கிறவர்கள், பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பத்தில் தறி போடுகிறவர்கள் என்று திருவள்ளூர் மாவட்டத்தில் கைவேலைக்குக் குறைவில்லை. முகம் தெரியாத ஆளுக்கு விற்பதும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. டச்சுக்காரர்கள் காலத்தில் பழவேற்காட்டுத் துணி கப்பலேறி ஜாவா வரை போயிருக்கிறது. இன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டால் கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர் வருகிறது. வீட்டுக்காரர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற குடும்பத்தில் இந்தக் கூடைக்காசு பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸாகிறது.

இணையத்தில் வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்க எத்தனையோ எச்சரிக்கைகள் வருகின்றன. விற்கிறவருக்குச் சொல்லப்படுவதோ பெரும்பாலும் ஒன்றுதான்: கஸ்டமரைக் கோபப்படுத்தாதே. அந்தப் பயம்தான் மோசடிக்காரனின் முதலீடு. பயத்தை வளர்க்கிற நம்பிக்கைகள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

நம்பிக்கை: பெரிய ஆர்டருக்கு அட்வான்ஸ் வர, அவர்கள் அனுப்பும் க்யூஆரை நாம் ஸ்கேன் செய்ய வேண்டும்.

உண்மை: யுபிஐ 2016-இல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவைப்பட்டதே இல்லை. ஸ்கேன் செய்து பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து வெளியேதான் போகும்.

இது பலருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள் என்றால், மோசடிக்காரனின் போன் அழைப்பு நடக்கிற விதம் அப்படி. "மேடம், ஆவடி யூனிட்ல இருந்து பேசறேன். குவார்ட்டர்ஸ்ல ஒரு ஃபங்ஷன், ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு நாற்பது கூடை வேணும்" என்று ஆரம்பிக்கும். பேரம் கிடையாது. சீருடையில் எடுத்த படம், அடையாள அட்டை எல்லாம் கேட்காமலே வரும். கனரக வாகனத் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் இருக்கிற ஆவடி இதே மாவட்டம்தானே, சந்தேகம் எப்படி வரும்? பிறகு, "எங்க ஆர்மி அக்கவுன்ட் சிஸ்டம் வேற மாதிரி. நீங்க அஞ்சு ரூபா அனுப்பிப் பாருங்க, பத்தா வரும்" என்பான். வரும். அந்தப் பத்து ரூபாயில்தான் நம்பிக்கை பிறக்கிறது. அடுத்து வருகிற க்யூஆரில் பத்தாயிரம் போட்டிருக்கும். "கட் பண்ணாதீங்க மேடம், லைன்ல இருங்க, சீக்கிரம்" என்று அவசரப்படுத்துவான். ராணுவ அதிகாரி வேடம் நாடு முழுக்கப் பல ஆண்டுகளாக நடக்கிற நாடகம். நாளைக்கே சிப்காட்டில் உள்ள ஏதோ ஒரு கம்பெனியின் எச்.ஆர். என்று வேடம் மாறலாம், வசனம் மாறாது.

தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் "பணம் கேட்கும்" கோரிக்கையை, யுபிஐ-யை நடத்தும் தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. ஒரு வாசல் அடைபட்டது, அவ்வளவுதான். க்யூஆர் வாசல் திறந்தே இருக்கிறது. அதனால் உங்கள் யுபிஐ ஐடியையோ உங்கள் க்யூஆரையோ நீங்கள் கொடுங்கள். அதற்கு அனுப்ப முடியாது என்கிறவர் வாடிக்கையாளர் இல்லை.

நம்பிக்கை: ஸ்கிரீன்ஷாட்டோ எஸ்எம்எஸ்ஸோ வந்துவிட்டால் பணம் வந்ததாக அர்த்தம்.

உண்மை: பச்சை டிக்கோடு போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கவென்றே செயலிகள் இருக்கின்றன. பத்து இலக்க நம்பரிலிருந்து வருகிற "கிரெடிட்டட்" செய்தியை வங்கி அனுப்புவதில்லை. வங்கிச் செயலியில் பேலன்ஸ் பார்த்த பிறகே பார்சல் கட்டுங்கள்.

நம்பிக்கை: தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டார், மிச்சத்தை உடனே திருப்பிவிடுவதுதான் நேர்மை.

உண்மை: இந்த நேர்மையைத்தான் குறிவைக்கிறார்கள். "ஆயிரத்து ஐநூறுக்குப் பதிலா பதினஞ்சாயிரம் போட்டுட்டேன்கா, ஆஸ்பத்திரி செலவுக்கு வச்சிருந்தது" என்று அழுகுரல் கேட்கும். பாதி நேரம் பணமே வந்திருக்காது, போலிச் செய்தி மட்டும்தான். பணம் நிஜமாகவே வந்திருந்தால் நிலைமை அதைவிட மோசம். அது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருக்கலாம். திருப்பி அனுப்பச் சொல்லி அவன் தருவது பெரும்பாலும் வேறொரு நம்பராக இருக்கும். அனுப்பியதும் அந்தத் திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகக் கைமாறியதாகப் பதிவாகிவிடும். பறிகொடுத்தவர் எங்கோ ஓர் ஊரில் புகார் கொடுப்பார், இங்கே உங்கள் கணக்கு முடங்கும்.

மிச்சப் பணத்தை நீங்களாக அனுப்பாதீர்கள். வந்த பணத்தைத் தொடாமல் உங்கள் வங்கிக் கிளைக்கு எழுதிக் கொடுங்கள், அனுப்பியவரை அவருடைய வங்கியில் முறையிடச் சொல்லுங்கள். நிஜமாகவே தவறு செய்தவர் இதற்குச் சம்மதிப்பார். அப்படியும் கணக்கு முடங்கிவிட்டால் எல்லாம் போச்சு என்று உட்கார வேண்டாம். சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு என்று சொல்லாமல் ஒருவரின் மொத்தக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. எந்த ஊர்க் காவல் நிலையம், எந்தப் புகார் எண் என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆர்டர் கேட்ட உரையாடல், பில், அனுப்பிய ரசீது மூன்றும் கையில் இருந்தால் அந்தப் பணம் விற்பனைக்கு வந்தது என்று காட்ட முடியும். கூடை விற்கிறவருக்குப் பில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே போதுமான காரணம்.

நம்பிக்கை: கேட்டால் ரிட்டர்ன் எடுத்தே ஆக வேண்டும். இதற்கு நேர் எதிராக இன்னொன்றும் உண்டு: "ஓபனிங் வீடியோ இல்லையென்றால் ரிட்டர்ன் இல்லை" என்று போட்டுவிட்டால் நமக்குப் பொறுப்பே இல்லை.

உண்மை: இரண்டுமே சரியில்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், பொருளில் குறையிருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தாலோ விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. "பிடிக்கல", "வேற கலர் நல்லா இருந்திருக்கும்" என்பவை அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு நீங்கள் முன்கூட்டி அறிவித்த நிபந்தனைதான் பேசும். பெரிய தளத்தில் விற்றால் அந்தத் தளத்தின் ஒப்பந்தமும் பேசும்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திருப்ப எத்தனை நாள் என்று பில்லில் எழுதியிருந்தால் அத்தனை நாள். எழுதாவிட்டால் 30 நாள். அதே சட்டத்தில் பில் கொடுக்காததே முறையற்ற வணிகம். ஆகவே "குறை இருந்தால் 7 நாளுக்குள் தெரிவிக்கவும்" என்று பில்லில் ஒரு வரி எழுதுவது உங்களுக்குத்தான் லாபம். ஓபனிங் வீடியோ கேட்பதில் தவறில்லை, அது நல்ல சாட்சி. ஆனால் வாங்குகிறவரின் உரிமைக்குச் சட்டம் அப்படியொரு நிபந்தனை வைக்கவில்லை. உடைந்த ஜிமிக்கியைப் படம் எடுத்து அனுப்புகிற ஒருவரை வீடியோ இல்லை என்று விரட்டுவது அநியாயம். நாம் அஞ்சுகிற அநியாயத்தை நாமே செய்யக் கூடாது.

நம்பிக்கை: மாற்றி வைத்துத் திருப்பி அனுப்பினால் நிரூபிக்க வழியில்லை.

உண்மை: பழைய கூடையையோ கிழிந்த துணியையோ உள்ளே வைத்து ரிட்டர்ன் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சாட்சி பார்சல் கட்டும்போதே உருவாக வேண்டும். பழவேற்காட்டு மூடிப் பெட்டி ஒன்றை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அடிப்பக்கத்தில் ஓலை மடிந்து முடிகிற இடத்தில் மையால் ஒரு சின்ன அடையாளம் வையுங்கள். பெட்டியை ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுங்கள். மூடியைத் திறந்து உள்பக்கம், பிறகு முகவரி ஒட்டிய பார்சல் வரை வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். அஞ்சலகத்தில் ஸ்பீடு போஸ்ட் ரசீதை வாங்கியதும் அதில் அச்சாகியிருக்கும் எடையைப் பாருங்கள். திரும்பி வருகிற பார்சலைப் பிரிக்கும் முன் எடை போட்டால், உள்ளே இருப்பது நாம் அனுப்பியதுதானா என்பது பாதி தெரிந்துவிடும். அந்தக் குட்டி ரசீதைப் பலரும் கசக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

"பார்சலே வரல" என்பவருக்கும் இப்போது பதில் இருக்கிறது. பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது. ஸ்பீடு போஸ்டில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் ஓடிபி சொன்ன பிறகே கொடுக்கிற வசதி அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து உண்டு. விலை அதிகமான பொருளுக்கு அந்தச் சில ரூபாயைக் கணக்குப் பார்க்க வேண்டாம். பெயர் பின்னிய கூடை, வளைகாப்புத் தேதி எழுதிய பெட்டி போன்றவற்றுக்கு கேஷ் ஆன் டெலிவரி வேண்டவே வேண்டாம். வாங்க மறுத்துவிட்டால் அதை வேறு யாருக்கும் விற்க முடியாது.

நம்பிக்கை: ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் கடை முடிந்தது, அதைத் தடுக்க எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

உண்மை: "பாதிப் பணம் திருப்பிக் கொடுங்க, இல்லேன்னா ஒன் ஸ்டார் போட்டுக் கிழிச்சிடுவேன்" என்கிற மிரட்டலுக்குப் பணிந்தவர்கள் பலர். மதிப்பெண் வாங்குகிறவர் பக்கம் சாய்ந்திருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஈபே தளத்தில் ஒரு காலத்தில் விற்றவரும் வாங்கியவருக்கு நல்லதாகவோ மோசமாகவோ மதிப்பெண் போட முடிந்தது. விற்பனையாளர்கள் பழிக்குப் பழியாகக் குறைத்துப் போட, வாங்கியவர்கள் உண்மையைச் சொல்லப் பயந்தார்கள். 2008-இல் குறைத்துப் போடும் உரிமையை ஈபே விற்பனையாளரிடமிருந்து எடுத்துவிட்டது. காரணம் நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பிறகு மிரட்டல் ஒரே பக்கத்திலிருந்து வரத் தொடங்கியது. மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டுவதையும் விதிமீறல் என்று ஈபே எழுதி வைத்திருக்கிறது. இப்படி மிரட்டினால் போனில் பேசித் தீர்க்காதீர்கள். "நீங்கள் கேட்பதை இங்கேயே எழுதுங்கள்" என்று தளத்தின் செய்திப்பெட்டிக்குள் வரவழையுங்கள். அங்கே எழுத்தில் இருக்கிற மிரட்டலைத்தான் தளம் பார்க்கும். வாட்ஸ்அப் காலில் நடந்ததை அது பார்க்காது.

விழுந்துவிட்ட விமர்சனத்துக்குப் பதில் எழுதும்போது, எழுதியவரை மனதில் வைத்து எழுதாதீர்கள். அதைப் படிக்கப்போவது அடுத்த வாடிக்கையாளர். நான்கு வரி போதும்: எப்போது அனுப்பினோம், எப்போது சேர்ந்தது, என்ன குறை சொன்னார், என்ன செய்து தர முன்வந்தோம். அக்கா தங்கைகளை வைத்து ஐந்து நட்சத்திரம் போட்டு அதை மூழ்கடிக்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். விற்பனையாளர் நுகர்வோர் வேடத்தில் விமர்சனம் எழுதக் கூடாது என்று 2020 விதிகளிலேயே இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் தளம் உடனே நீக்கிவிடும் என்பதும் நடக்காது. நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிக்கையோ வந்தால்தான் நீக்கும் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் தளத்தின் சொந்த விதியை மீறிய விமர்சனத்தை, அதாவது வசை, மிரட்டல், கூரியர்காரர் மேலுள்ள கோபம் போன்றவற்றை, அந்த விதியைச் சுட்டிக்காட்டிப் புகார் செய்தால் நீக்க வாய்ப்பு இருக்கிறது.

எல்லா ஒற்றை நட்சத்திரமும் அநியாயம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சரியாகக் காயாத ஓலையில் பூஞ்சை பிடிக்கும். சாயம் ஏற்றிய ஓலை ஈரம் பட்டால் நிறம் விடும். அதை வாங்கியவர் எரிச்சலோடு எழுதினால் அது நம் குறை. மழைக்காலத்தில் டெலிவரி நாளைத் தள்ளிச் சொல்வது, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பாக்கெட் ஒன்று போடுவது, "கையால் செய்தது, அளவிலும் நிறத்திலும் சிறு மாற்றம் இருக்கும்" என்று படத்துக்குக் கீழேயே எழுதுவது ஆகிய மூன்றும் வருகிற சண்டையில் பெரும்பங்கைக் குறைக்கும்.

நம்பிக்கை: ஏமாற்றியவன் எங்கோ வடக்கே இருக்கிறான், இங்கே போலீசுக்குப் போய் என்ன பயன்?

உண்மை: முதல் சில மணி நேரத்தில் வேலை ஆளைப் பிடிப்பது அல்ல, பணத்தைப் பிடிப்பது. 1930-க்கு அழைத்தால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், கைமாறாமல் மிச்சமிருக்கிற தொகை நிறுத்தி வைக்கப்படும். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், நேரம், தொகை, உங்கள் வங்கியின் பெயர் ஆகியவை கையில் இருக்கட்டும். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதியலாம், மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலும் கொடுக்கலாம். மின்னணுத் தகவல் மூலம் செய்த மோசடியை, அந்தத் தகவல் வந்து சேர்ந்த ஊரிலேயே விசாரிக்கச் சட்டம் இடம் தருகிறது. வீட்டில் திட்டுவார்களே என்று மறைத்து இரண்டு நாள் கழித்துச் சொல்கிற பெண்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து திட்டாதீர்கள், முதலில் போனை எடுத்து 1930 போடுங்கள்.

நம்பிக்கை: நுகர்வோர் நீதிமன்றம் வாங்குகிறவருக்கு மட்டும்தான்.

உண்மை: கூரியர் கம்பெனிக்குக் காசு கட்டிப் பார்சல் கொடுக்கும்போது நீங்களும் ஒரு சேவையை வாங்குகிறீர்கள். வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்றாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் பொருள் வாங்குகிறவருக்கு 2019 சட்டம் விலக்கு தருகிறது. சேவைக்கும் அது பொருந்தும் என்று வாதிட்டு, பார்சலைத் தொலைத்த, நசுக்கிய கூரியர் மீது நீங்கள் வழக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில், அதாவது திருவள்ளூர் மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். அதோடு இணைக்க வேண்டியவை பில், கூரியர் ரசீது, பார்சல் கட்டிய வீடியோ, நீங்கள் முதலில் அனுப்பிய புகார்க் கடிதம், அதற்கு அவர்கள் கொடுத்த அல்லது கொடுக்காத பதில்.