'அப்ரூவல் வந்துடும், மேடம்'

அன்புள்ள கயல்,

பெரும்பாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்திருப்பதாக எழுதியிருக்கிறாய். "அப்ரூவல் ரெண்டு மாசத்துல வந்துடும், மேடம். இப்பவே புக் பண்ணா சதுர அடிக்கு ரேட் கம்மி" என்றாராம் விற்பனைக்காரர். விலை குறைவு என்பது பொய்யாக இருக்காது. அனுமதி தாமதமானால் வரும் நஷ்டத்தை நீ சுமக்கிறாய் அல்லவா, அதற்குத்தான் அந்தத் தள்ளுபடி.

ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவாகாத திட்டத்தை விளம்பரப்படுத்தவும் கூடாது, அதற்கு முன்பணம் வாங்கவும் கூடாது. (500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்துக்கும், எட்டு வீட்டுக்கு மிகாத கட்டடத்துக்கும் விலக்கு உண்டு.) பதிவு செய்யக் கட்டட அனுமதியைக் காட்ட வேண்டும். ஆகவே அனுமதிக்கு முந்திய 'புக்கிங்' சட்டத்துக்கு வெளியே நடப்பது. அதையே 'டோக்கன்', 'விருப்பப் பதிவு' என்று பெயர் மாற்றி வாங்குகிறவர்களும் உண்டு.

அனுமதி எப்படி நின்றுபோகும் என்று கேட்கிறாய். நீ பார்த்த ஏரியாவிலேயே பதில் இருக்கிறது. பெரும்பாக்கத்தை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். காப்புக்காடாக வனத்துறையிடம் இருப்பது அதில் சுமார் 698 ஹெக்டேர்தான். மீதியில் தனியார் பட்டா நிலங்களும் கலந்து கிடக்கின்றன. எந்தெந்த சர்வே எண் கோட்டுக்கு உள்ளே, எது வெளியே என்று தரையில் அளந்து உறுதிசெய்யும் வேலை இழுத்துக்கொண்டே போனது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு, அந்த ஆய்வு முடியும்வரை ராம்சார் பகுதிக்குள்ளும் அதன் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும் அனுமதி எதுவும் தரக் கூடாது என்றது. சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில்) அந்த வட்டாரத்துக் கோப்புகள் அப்படியே நின்றன. அக்டோபர் இறுதியில் பெரும்பாக்கத்து அடுக்குமாடித் திட்டம் ஒன்றின் கட்டுமானத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் திட்டம் சுற்றுச்சூழல் அனுமதியும் சிஎம்டிஏ அனுமதியும் வாங்கியிருந்தது என்பதைக் கவனி. அனுமதி பெற்றதற்கே அந்தக் கதி!

வழக்குப் போட்டவர்களைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வெள்ளநீரைத் தாங்கும் சதுப்பு நிலத்தைக் காக்கத்தானே அந்த வழக்கு; 2015 டிசம்பரில் தென்சென்னை மிதந்ததை நாமெல்லாம் பார்த்தோமே. எல்லையை அளக்க வேண்டியவர்கள் காலத்தில் அளந்திருந்தால் வழக்குக்கே இடமிருந்திருக்காது. வீட்டுக்குப் பணம் கட்டியவர்கள் செய்தித்தாளைப் பார்த்துத் திகைத்திருக்கவும் மாட்டார்கள்.

ஸ்டே வந்துவிட்டால் கட்டடம் நிற்கும், வங்கி வட்டி நிற்காது. குடியிருக்கும் வீட்டு வாடகையும் நிற்காது. "கோர்ட் விஷயம், எங்க கையில இல்ல" என்பார் பில்டர். அதற்கு ரெரா சட்டத்தில் இடமில்லை. தவிர்க்க முடியாத காரணம் என்று அதன் 6ஆம் பிரிவு சொல்வது போரையும், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் முதலிய இயற்கைச் சீற்றங்களையும் மட்டுமே. குறித்த தேதியில் வீடு தராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை 18ஆம் பிரிவில் இருக்கிறது. நீதிமன்றத் தடையைக் காரணம் காட்டியும் அந்த உரிமையை மறுக்க முடியாது என்று 2021 நவம்பரில் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனால் ஆணை வாங்குவது ஒரு வேலை, பணம் கைக்கு வருவது வேறு வேலை. பில்டர் தராவிட்டால் வருவாய் பாக்கியைப் போல வசூலிக்க வேண்டும். அதற்கும் ஒரு கோப்பு, அதற்கும் ஓர் அலுவலகம்.

அதனால் அவசரப்படாதே. சிஎம்டிஏ அனுமதி எண்ணையும் ரெரா பதிவு எண்ணையும் கேள். ரெரா தளத்தில் நீயே சரிபார். சர்வே எண் கிடைத்தால் அது சதுப்பு நில எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்கலாம். நிறுவனத்தின் பெயரில் வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று நம் வக்கீல் தேடிச் சொல்வார். ஒப்பந்தம் பதிவாகும்முன் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது, அதையும் நினைவில் வை. ஒப்பந்தத்தில் காலதாமதம் பற்றிய பத்தியைப் பொறுமையாகப் படி. 'நீதிமன்ற உத்தரவு', 'அரசு அலுவலகத் தாமதம்' இரண்டும் அங்கே நைசாக நுழைக்கப்பட்டிருக்கும். எடுக்கச் சொல். மறுத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்.

டோக்கன் ஏதும் கொடுத்துவிட்டாயா என்று நீ எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீதைப் படமெடுத்து இன்றே அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா