கமராவுக்கு உங்கள் காணி தெரியவில்லையா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பெய்த மழையில் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்தது. யட்டவத்தப் பக்கம் காணியை விட்டு வந்த குடும்பங்கள் அழிவைப் படம் எடுக்கும்போது, இடத்தின் எண்களும் படத்தில் பதிந்தால் எல்லை அழிந்த காணியையும் அடையாளம் காட்டலாம். எண் பிழைத்தால் அதே படம் சந்தேகத்தையே கிளப்பும். (சரிவு அபாயம் உள்ள காணிக்குக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்காமல் போக வேண்டாம்.)

இந்த எண்களைத் தருவது ஜீபிஎஸ். சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கருவிக்குக் கிடைக்க வேண்டும். அது மிக மெல்லிய சமிக்ஞை. தகரக் கூரை அதை மறிக்கும். ஈர இலைகள் அடர்ந்த பலா, இறப்பர் மரங்களின் கீழும் குறையும். பள்ளத்தில் நின்றால் மலை பாதி வானத்தை மறைத்துவிடும். ஆகவே முதலில் வெட்டைக்கு வாருங்கள்.

அடுத்தது பொறுமை. தொலைபேசிக்குச் செய்மதி விபரம் வலையமைப்பு வழியாக விரைவில் வந்துவிடும். சிக்னல் இல்லாத இடத்திலும், தனிக் கமராவிலும், அதை வானத்திலிருந்தே வாங்க வேண்டும். நெடுநாள் அணைந்திருந்த கருவி முழு அட்டவணையையும் பெற 12½ நிமிடம் வரை எடுக்கலாம். அதுவரை ஓரிடத்தில் அசையாமல் நில்லுங்கள். கமராவுக்கு இட அனுமதி கொடுக்கப்பட்டுள்ளதா என்பதையும் தொலைபேசி அமைப்புகளில் பாருங்கள்.

இடமே பதியாத படத்தைவிடப் பழைய இடம் பதிந்த படம்தான் மோசமானது. புதிய இடம் கிடைக்காதபோது சில கருவிகள் கடைசியாக அறிந்த இடத்தையே எழுதிவிடும். காணியின் படத்தில் முகாமின் எண் விழும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. புறப்படுமுன் முகாமில் காட்டும் எண்களைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். யட்டவத்தவில் அகலக்கோடு 7இலும் நெடுங்கோடு 80இலும் தொடங்கும். முகாமும் மாத்தளையிலேயே இருந்தால் அங்கும் பெரும்பாலும் அப்படித்தான். எனவே புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களைப் பாருங்கள். மூன்றாம் இலக்கம் ஒன்று மாறினால் சுமார் 110 மீற்றர். காணியிலும் முகாமின் எண்ணே வந்தால் படம் எடுக்காமல் காத்திருங்கள்.

எவ்வளவு நின்றும் கிடைக்கவில்லையா? கோயில், பாலம், பாடசாலை என ஊரார் அறிந்த ஒன்று தெரியும்படி எடுத்து, திகதியையும் காணியின் பெயரையும் கொப்பியில் எழுதுங்கள்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இட எண்கள் நீங்கிவிடும். ‘ஆவணம்’ என இணைத்து அனுப்புங்கள். மூலப் படத்தைத் தொலைபேசியிலிருந்து அழிக்க வேண்டாம்.