பாலாற்றுக் கோட்டைகள்: வேலூரா, ஆம்பூரா, ஆற்காடா?

தோல் வியாபாரமாக ஆம்பூருக்கோ ராணிப்பேட்டைக்கோ வருபவர்களுக்கு நடுவில் அரை நாள் ஓய்வு கிடைப்பதுண்டு. சென்னையிலிருந்து ஒரு நாள் பயணமாக வருகிறவர்களோ, பாலாற்றங்கரைக் கோட்டைகள் மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட நினைக்கிறார்கள். அது வேண்டாம். எதைத் தேடி வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கண்ணுக்கு நிறைவாக ஒரு கோட்டை வேண்டுமென்றால் யோசிக்கவே வேண்டாம், வேலூர்தான். 16ஆம் நூற்றாண்டில், விஜயநகரப் பேரரசின் கீழிருந்த நாயக்கர்கள் கட்டியது. அகழியில் தண்ணீர் நிற்க, இரட்டை மதில் இன்னும் கம்பீரமாக இருக்கிறது. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் பார்த்த பிறகு, அண்ணாந்து விதானத்தைப் பாருங்கள்: நடுவில் விரிந்த பூவைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. இந்தக் கோயில் ஒரு காலத்தில் ஆயுதக் கிடங்காக இருந்தது. 1981இல்தான் மீண்டும் லிங்கம் வைத்து வழிபாடு தொடங்கியது.

1806 ஜூலை 10 விடியுமுன் ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இங்கேதான். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் அவர்களைக் கொதிக்க வைத்தன. திப்பு சுல்தானின் மகன்கள் அப்போது கோட்டைக்குள் காவலில் இருந்தார்கள். சில மணி நேரத்தில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து, கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். 1857க்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்த இந்த எழுச்சிக்குப் பாடப்புத்தகங்கள் இன்னும் கூடுதல் பக்கம் ஒதுக்க வேண்டும். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் வேலூரில் கைதியாக வைக்கப்பட்டு 1832இல் இறந்தார். அவருடைய நினைவிடமான முத்துமண்டபம் பாலாற்றங்கரையில் இருக்கிறது.

போர் வரலாற்றில் பித்துள்ளவர்களுக்கு ஆம்பூர். மலைக்கோட்டையில் எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். ஆனால் இந்த இடத்துக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பது அங்கே நின்றால் புரியும். தெற்கே ஜவ்வாது மலை, வடக்கே குன்றுகள், இடையில் ஒடுங்கும் பள்ளத்தாக்கு. மைசூர்ப் பீடபூமியிலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் வழி இது. 1749 ஆகஸ்டில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான், நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பும் அவர் கூட்டாளி முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையும் சேர்ந்து வந்தபோது, இங்கே யானைமேல் இருந்தபடியே சுடப்பட்டு இறந்தார். 1767இல் ஹைதர் அலி இதே கோட்டையை முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் மலையேறுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். இறங்கியதும் சீரகச் சம்பா பிரியாணி இருக்கவே இருக்கிறது.

ஆற்காட்டின் கதை ஆம்பூரின் தொடர்ச்சி. தந்தை விழுந்ததும் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். அங்கே அவரைச் சூழ்ந்த நெருக்கடியைத் தளர்த்தவே 1751இல் ஆங்கிலேயக் கம்பெனியின் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். இந்தியாவில் ஆங்கிலேயர் தலைநிமிர்ந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் அந்தக் கோட்டையில் இன்று முழுசாக நிற்பது டெல்லி கேட் மட்டுமே. அதற்காகத் தனிப் பயணம் தேவையில்லை. வேலூருக்குப் போகும் வழியில் அரை மணி நேரம் இறங்கிப் பாருங்கள், போதும்.

முதல்முறை வருகிறவர்கள் காலையிலேயே வேலூர்க் கோட்டைக்குள் போய்விடுங்கள். ஆம்பூர் இரண்டாம் பயணத்துக்கு, நவம்பர் முதல் பிப்ரவரிக்குள். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தையும் பார்க்க விரும்பினால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள்; அன்று விடுமுறை.