ஏசி ஃபில்டரும் எத்தாளைக் காற்றும்

காரின் ஏசி முன்போலக் குளிரவில்லை என்றால் புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் முதலில் கேட்கும் வார்த்தை, ‘கேஸ் இறங்கிவிட்டது, அடிக்க வேண்டும்’ என்பதுதான். பெற்றோல் தீர்வதைப் போல ஏசி கேஸும் ஓட ஓடத் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் அந்த வார்த்தைக்குள் இருக்கிறது. அது தவறு. ஆர்-134ஏ போன்ற குளிரூட்டும் வாயு மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, செலவாவதில்லை. இணைப்பு, ரப்பர் வளையம் போன்ற இடங்களில் கசிவு இருந்தால்தான் அது குறையும். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் அடித்தால் சில மாதங்களில் அதே முறைப்பாடு திரும்பி வரும். குளிர் குறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. ஃபேனைக் கடைசி எண்ணில் வைத்து, காற்று வரும் வாயில் கையைப் பிடித்துப் பாருங்கள். காற்று வேகமாக வந்தும் குளிர்ச்சி இல்லையென்றால் கேஸ், கம்ப்ரெசர் பக்கம் சந்தேகப்படலாம். ஃபேன் பெரிதாக இரைந்தும் காற்று மெலிந்து வந்தால் பெரும்பாலும் வழி அடைபட்டிருக்கிறது. அந்த வழியில் முதலில் அடைபடுவது, இலங்கையில் நாம் ஏசி ஃபில்டர் என்று சொல்லும் சிறிய மடிப்புத் தாள்.

இந்த ஃபில்டரையும் எஞ்சினின் எயார் ஃபில்டரையும் ஒன்றாக நினைப்பவர்கள் பலர். சேர்விஸ் பில்லில் ‘எயார் ஃபில்டர்’ என்று கண்டதும் இரண்டும் மாறிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். பொனட்டுக்கு அடியில் இருப்பது எஞ்சின் சுவாசிக்கும் காற்றை வடிப்பது. உள்ளே இருப்பவர்கள் சுவாசிக்கும் காற்றை வடிப்பது வேறு இடத்தில், நம் நாட்டில் அதிகம் ஓடும் விட்ஸ், அக்வா, பிரியஸ், வெகன் ஆர், ஹொண்டா ஃபிட் போன்ற வண்டிகளில் இடது பக்க இருக்கைக்கு முன்னால், டேஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கண்ணில் படாததால் அது மறக்கப்படுகிறது. குறைந்த விலை மாடல்கள் சிலவற்றில் அதற்கான இடம் மட்டும் இருக்கும், தொழிற்சாலையிலிருந்தே ஃபில்டர் போடப்பட்டிருக்காது. ஆகவே புதியது வாங்குவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம்.

கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள எத்தாளையில் இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டிய காரணம் காற்றுதான். இந்தக் குடாநாடு ஒரு பக்கம் இந்து சமுத்திரத்துக்கும் மறுபக்கம் புத்தளம் களப்புக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று ஓயாமல் அடிக்கிறது. காற்றுப் பட்டத்தோடு அலைமேல் சறுக்கும் வெளிநாட்டவர் கற்பிட்டிக்கு வருவதே அந்தக் காற்றை நம்பித்தான். அதே காற்று கடற்கரை மணலையும், வெங்காயமும் மிளகாயும் விளையும் தோட்டங்களின் உலர்ந்த மண்ணையும், அலை உடையும்போது தெறித்து மிதக்கும் உப்பையும் தூக்கி வருகிறது. தெற்கே நுரைச்சோலையில் 2011 முதல் இயங்கும் லக்விஜய அனல்மின் நிலையம் இன்று 900 மெகாவாட் திறன் கொண்டது, நிலக்கரியில் ஓடுவது; காற்றுக் காலத்தில் அங்கிருந்து நிலக்கரித் தூசியும் சாம்பலும் பறந்து வருவதாக அயல் ஊர் மக்கள் பல வருடங்களாக முறையிடுகிறார்கள். குடாநாட்டுக்குள் நுழையும் இடமான பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. ஓகஸ்ட் மாதத்தில், காற்று உச்சத்தில் இருக்கும்போதுதான் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வாகனங்கள் குடாநாட்டுக்குள் வரும் ஒற்றைப் பாதையில் வரிசைகட்டுகின்றன. இவ்வளவும் கலந்த காற்றைத்தான் அந்த மடிப்புத் தாள் வடிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த நம்பிக்கை, கிலோமீட்டர் கணக்கு. ஃபில்டருக்குப் பதினைந்தாயிரம், முப்பதாயிரம் கிலோமீட்டர் என்று ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். கையேடுகளில் அப்படிப்பட்ட எண்கள் இருப்பது உண்மை. தூசி மிகுந்த இடங்களில் அதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும் என்று அதே கையேடுகள் எச்சரிப்பதும் உண்மை. முதலாவது நினைவில் நிற்கிறது, இரண்டாவது நிற்பதில்லை. ஃபில்டர் வடிப்பது பாதையை அல்ல, ஃபேன் இழுக்கும் காற்றை. கொழும்பு அதிவேகப் பாதையில் ஒரு மணி நேரத்தில் நூறு கிலோமீட்டர் கடக்கும் வண்டியும், எத்தாளையிலிருந்து புத்தளம் நகரத்துக்கும் திரும்பியும் மெதுவாகப் போய்வரும் வண்டியும் ஒரே அளவு நேரம் ஃபேனை ஓட்டினால், ஏறத்தாழ ஒரே அளவு காற்றைத்தான் இழுக்கின்றன. ஆனால் இரண்டாவது வண்டியின் மீற்றரில் பாதித் தூரம்கூடப் பதிவாகியிருக்காது. அது இழுத்த காற்றிலோ பன்மடங்கு மணலும் உப்பும். வருடம் முழுக்க ஆறாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடிய வண்டியின் ஃபில்டர் கறுத்துக் கிடப்பதைக் கண்டு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

‘மாற்றத் தேவையில்லை, கம்ப்ரெசர் காற்றில் ஊதினால் புதிதாகிவிடும்’ என்பதுதான் இவற்றுள் ஆழ வேரூன்றிய நம்பிக்கை. ஊதும்போது தூசிப் புகை எழுவதைக் கண்ணால் பார்ப்பதால் அதை மறுப்பது கடினம். பார்த்தது பொய்யல்ல, பெரிய மணல், உலர்ந்த இலை, பூச்சிச் சிறகு எல்லாம் உண்மையில் வெளியே வருகின்றன. பிரச்சினை வெளியே வராமல் உள்ளே தங்குவதில்தான். இங்கே உப்பின் குணம் முக்கியமாகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 வீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மழை நாளில் உப்புப் போத்தலுக்குள் நாம் பார்ப்பது அதைத்தான். கடலோரத்தில் இரவும் அதிகாலையும் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியே இருக்கின்றன. ஃபில்டரில் ஒட்டிய உப்புத் துகள் இரவில் நனைகிறது, பகல் வெயிலில் உலர்ந்து இறுகுகிறது, நனைந்தபோது அருகிலிருந்த நுண்தூசியையும் இழைகளோடு சேர்த்து ஒட்டிவிடுகிறது. இப்படி ஒட்டியதைக் காற்று ஊதிப் பெயர்க்க முடியாது. அழுத்தத்தைக் கூட்டினால் இழைகள் விலகி ஓட்டை விழும்; அதன்பின் காற்று தாராளமாக வரும், தூசியும் தாராளமாக வரும். ‘ஊதியதும் நன்றாக வேலை செய்கிறது’ என்று தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கழுவினால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். இன்றைய ஃபில்டர்கள் பலவற்றில் இருப்பது சாதாரணத் தாள் அல்ல. மெல்லிய பிளாஸ்டிக் இழைகளுக்கு நிலைமின்னேற்றம் கொடுத்துச் செய்கிறார்கள். இழைகளுக்கு இடையில் நுழைந்துவிடக்கூடிய சிறிய துகள்களையும் அந்த ஏற்றம் இழுத்துப் பிடிக்கிறது. சவர்க்கார நீர் பட்டால் அந்த ஏற்றம் போய்விடும். பார்வைக்கு வெள்ளையாக மாறியிருக்கும், பிடிக்கும் திறன் குன்றியிருக்கும். முழுதாக உலராமல் போட்டால் பூஞ்சணம் வேறு. கழுவக்கூடியது என்று தயாரித்தவரே எழுதி விற்கும் ஃபில்டர்கள் மட்டும் இதற்கு விலக்கு. 2022 பொருளாதார நெருக்கடியில் உதிரிப்பாகங்கள் கிடைக்காமலும், கிடைத்தாலும் விலை கட்டாமலும் இருந்த நாட்களில் பலர் தட்டி உதறித்தான் சமாளித்தார்கள். அதைக் குறைசொல்ல முடியாது. கையில் பணமில்லாத மாதத்தில், வெளியே எடுத்து, வண்டிக்குத் தள்ளி நின்று, தூசி படிந்த பக்கம் கீழே இருக்கும்படி மெதுவாகத் தட்டிப் போடுவது ஒன்றும் செய்யாததைவிட மேல். அதைப் புதுப்பித்தல் என்று நம்புவதுதான் தவறு.

சிலர் வேறு வழியால் வாதாடுகிறார்கள்: ‘நான் வெளிக்காற்றை அடைத்து உள்காற்றுச் சுற்றில்தான் எப்போதும் வைத்திருக்கிறேன், எனக்கு ஃபில்டர் எதற்கு?’ பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளில் வெளிக்காற்றா உள்காற்றா என்று தெரிவுசெய்யும் கதவு முதலில் வருகிறது, ஃபில்டர் அதற்குப் பிறகு வருகிறது. எந்தக் காற்றை இழுத்தாலும் அது ஃபில்டரைத் தாண்டியே ஆக வேண்டும். செருப்பு மணலும், கதவு திறக்கும்போது புகும் தூசியும், இருக்கைத் துணியின் நூலும் உள்காற்றில்தான் இருக்கின்றன. நிலக்கரி லொறிக்கோ புகை கக்கும் பஸ்ஸுக்கோ பின்னால் மாட்டிக்கொண்டால் உள்காற்றுச் சுற்றுக்கு மாற்றுவது சரியான செயல். மணிக்கணக்கில் அப்படியே விடுவது சரியல்ல. வெளியே காற்றில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 420 பங்காக இருக்கும் கரியமிலவாயு, நான்கைந்து பேர் மூடிய காருக்குள் அமர்ந்து உள்காற்றையே சுற்றவிட்டால் பல ஆயிரம் பங்குகளுக்கு ஏறிவிடும். தலை கனக்கிறது, கண் சொக்குகிறது. கொழும்பிலிருந்து இரவில் கற்பிட்டிக்குத் திரும்பும் குடும்பத்தின் சாரதிக்கு அது ஆபத்து. வெளிக்காற்றைத் தயங்காமல் உள்ளே விடுவதற்காகவே நல்ல ஃபில்டர் தேவைப்படுகிறது.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு: ஃபில்டர் புதிதாக இருந்தால் உள்ளே வருவதெல்லாம் சுத்தமான காற்று என்பது. சாதாரண ஃபில்டர் மணலையும் மகரந்தத்தையும் உப்புத் துகளின் பெரும் பகுதியையும் தடுக்கும். நுரையீரலின் அடிவரை போகக்கூடிய, 2.5 மைக்ரோனுக்கும் சிறிய துகள்களில் ஒரு பங்கைத்தான் தடுக்கும். வாயுக்களைத் தடுக்கவே தடுக்காது. கரிப்பொடி சேர்த்த கறுப்பு ஃபில்டர் கருவாட்டு வாடியின் வாசனையையும் டீசல் நெடியையும் ஓரளவு குறைக்கும். கார்பன் மொனொக்சைட்டை அதுவும் நிறுத்தாது. தோட்டத்தில் மருந்து தெளிக்கும்போது பக்கத்துப் பாதையால் போகிறவர் ஃபில்டரை நம்பாமல் உள்காற்றுக்கு மாற்றிக்கொண்டு கடப்பதே நல்லது. கண்ணாடியை இறக்கி ஓட்டும்போது ஃபில்டருக்கு வேலையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘அப்படியானால் இந்தச் சின்னத் தாளுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?’ என்று கேட்டால், அது பாதுகாப்பது மூக்கை மட்டுமல்ல. அதற்குப் பின்னால், காற்றைக் குளிர்விக்கும், ஏசி ஓடும்போது ஈரமாக இருக்கும் அலுமினியக் குளிர்க்கட்டை இருக்கிறது. உப்பு அலுமினியத்தை அரிக்கும். கட்டை அரித்துக் கேஸ் கசிந்தால் டேஷ்போர்ட்டைக் கழற்ற நேரும் வண்டிகள் பல. அந்தச் செலவுக்கு முன்னால் ஃபில்டரின் விலை ஒன்றுமே இல்லை. நுரைச்சோலைச் சாம்பலுக்கான பரிகாரம் காருக்குள் இல்லை என்பதும் உண்மை. காரே இல்லாத வீடுகளும் மோட்டார் சைக்கிளில் போகும் பிள்ளைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அந்தப் பொறுப்பு அனல்மின் நிலையத்தை நடத்துபவர்களுடையது.

நாமே மாற்றினால் வண்டி கெட்டுவிடும், கராஜில்தான் செய்ய வேண்டும் என்ற பயத்துக்குப் பெரும்பாலான வண்டிகளில் இடமில்லை. எஞ்சினையும் ஃபேனையும் நிறுத்துங்கள். டேஷ்போர்ட் பெட்டியைக் காலி செய்து, அதைத் தாங்கும் சிறு கைப்பிடியைப் பக்கவாட்டில் கழற்றி, இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்தினால் பெட்டி கீழே தொங்கும். பின்னால் நீள்சதுரப் பிளாஸ்டிக் மூடி தெரியும். அதன் கிளிப்பை அழுத்தி எடுத்தால் ஃபில்டர் இழுப்பறைபோல வெளியே வரும். இழுப்பதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் ஓரத்தில் உள்ள அம்புக்குறியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். சில ஃபில்டர்களில் அம்பு காற்று போகும் திசையைக் காட்டும், சிலவற்றில் மேற்பக்கம் எது என்பதைக் காட்டும்; பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் போடக்கூடாது. வெயில் காய்ந்த பழைய பிளாஸ்டிக் கிளிப் முறியும், ஆகவே அவசரம் வேண்டாம். தென்னந்தோப்பில் நிறுத்தும் வண்டிகளுக்குள் எலி கூடு வைப்பது உண்டு. தும்பும் எச்சமும் கண்டால் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டே தொடுங்கள். கடையில் வாங்கும்போது மாடல் பெயர் மட்டும் போதாது, செசி நம்பரைக் கொடுங்கள். ஓரம் இறுக்கமாகப் பொருந்தாத மலிவு ஃபில்டரைச் சுற்றிக் காற்று வடிபடாமலே போய்விடும். கராஜ்காரரின் பிழைப்பைக் கெடுக்கிறோமோ என்று தயங்குபவர்கள் அவரிடம் கொண்டுபோக வேண்டிய வேலைகளை நினைத்துக்கொள்ளலாம்: கசிவு பார்ப்பது, கேஸ் நிரப்புவது, குளிர்க்கட்டையைச் சுத்தம் செய்வது. அவை வீட்டில் செய்யும் வேலைகள் அல்ல.

ஹைபிரிட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை தேவை. பிரியஸ், அக்வா போன்றவற்றில் பெரிய பெற்றரியைக் குளிர்விக்கும் ஃபேன் வெளிக்காற்றை எடுப்பதில்லை. பின்னிருக்கைப் பக்கத்து வாய் வழியாகக் காருக்குள் உள்ள காற்றையே இழுக்கிறது. உள்ளே தூசி என்றால் பெற்றரி ஃபேனிலும் தூசி. அது அடைபட்டால் பெற்றரி சூடாகும், ஆயுள் குறையும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே பாதையில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை வயதேறியவை. அவற்றின் பெற்றரி விலை தெரிந்தவர்கள் அந்த வாயை வாரம் ஒருமுறை துடைக்கவும், அதன்மேல் பையோ துணியோ வைக்காமலிருக்கவும் தயங்கமாட்டார்கள்.

மாற்றுவதற்கு நல்ல மாதம் எது என்றால், எத்தாளையில் அது ஒக்டோபர். தென்மேல் காற்று ஓய்ந்து, அந்தப் பருவத்தின் மணலும் உப்பும் முழுதாக ஃபில்டரில் ஏறியிருக்கும் நேரம் அது. இடையில் மே மாதத் தொடக்கத்தில் ஒருமுறை திறந்து பார்த்து, மடிப்புகளின் அடி தெரியாத அளவுக்குப் படிந்திருந்தால் அப்போதும் மாற்றலாம். ஒக்டோபரைத் தள்ளிப் போடக்கூடாது என்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அடுத்து வருவது மழை. மழையில் முன்கண்ணாடியின் உட்புறம் புகைபோல மூடும்போது அதை விலக்குவது ஏசி உலர்த்தி அனுப்பும் காற்று. அந்தக் காற்று கண்ணாடிக்கு வருவதும் இதே ஃபில்டர் வழியாகத்தான். அடைபட்ட ஃபில்டரோடு, இரவு மழையில், பாலாவிப் பாதையில் எதிரே லொறி விளக்கு அடிக்கும்போது கண்ணாடி தெளியக் காத்திருக்க நேரம் இருக்காது.