திண்ணை உள்ளே, அடுப்பங்கரை வெளியே

புதுச்சேரிக்கு வடக்கே பொம்மையார்பாளையத்தில் ஒரு அம்மா கேட்டது இந்தக் கட்டுரைக்காரருக்கு இன்னும் உறைக்கிறது. "ஏம்பா தம்பி, பக்கத்து வூடெல்லாம் லிஸ்ட்டுல இருக்கு. என் வூட்ட மட்டும் கடல் கொண்டுபோயிடுச்சா?" காலடியில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது.

வீடு அங்கேதான் இருந்தது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் கொடுத்த பட்டியலில்தான் இல்லை.

உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ள வீடுகளை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கரைகளில் அந்த 200 மீட்டரைப் புதுக் கட்டுமானம் கூடாத பகுதி என்றது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் அதை 50 மீட்டராகக் குறைக்க 2019 அறிவிக்கை வழிவிட்டது. புதுச்சேரித் துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவர்கள் 1980-களின் இறுதியில் எழுந்தபின், வடக்கே நகரும் மணல் தடைபட்டுக் கரை அரிக்கும் பகுதி வேறு. ஒரு வீடு விட்டுப்போவது இங்கே சின்ன விஷயமில்லை.

வீடுகளைப் படத்தின் மேல் வரைந்ததும் கோட்டுக்கு 200 மீட்டர்ப் பட்டையாகப் பஃபர் போட்டதும் அரை நாள் வேலை. லேயரை முதலில் மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்குக்கு மாற்றிவிட வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கிலேயே விட்டால் 200 மீட்டர் 200 டிகிரியாகிவிடும்.

சறுக்கியது அதற்குப் பிறகு. 'செலக்ட் பை லொகேஷன்' பெட்டியில் இன்டர்செக்ட், டச், ஓவர்லேப், ஆர் விதின் என்று வரிசையாக நிற்கும். உத்தரவில் '200 மீட்டருக்குள்' என்றிருந்ததால் இவர் 'ஆர் விதின்' மேல் டிக் அடித்தார். அதற்கு அகராதி வேறு: வீட்டின் ஒரு மூலைகூட வெளியே நீட்டக் கூடாது. அந்த அம்மா வீட்டில் 200 மீட்டர்க் கோடு திண்ணைக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே போனது. திண்ணை உள்ளே, அடுப்பங்கரை வெளியே. ஆக வீடே இல்லை. கொஞ்சம் தொட்டாலே சேர்த்துக்கொள்ளும் 'இன்டர்செக்ட்' போட்டிருந்தால் வந்திருக்கும்.

கூட்டத்தில் மேலதிகாரி "சாஃப்ட்வேர் கோளாறு" என்று முடித்துவிட்டார். இவருக்கு அது இன்றும் ஆறவில்லை. கோளாறு மென்பொருளில் இல்லை. அது பின்பற்றும், புவித்தகவல் ஆய்வாளர் மேக்ஸ் எகன்ஹோஃபரின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த கணக்கு, ஒவ்வொரு உருவத்தையும் உட்புறம், எல்லை, வெளிப்புறம் என மூன்றாகப் பிரித்து, இரண்டு உருவங்களுக்கு ஒன்பது சந்திப்புகளைப் பார்க்கிறது. அதன்படி எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கும் புள்ளிகூட 'உள்ளே' சேராது. கோட்டில் நிற்கும் வீட்டை என்ன செய்வது என்று உத்தரவு எழுதியவரல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

"வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்தால் போதுமே" என்றார் ஒரு சகா. புள்ளியை அடுப்படியில் வைத்தால் வீடு வெளியே, திண்ணையில் வைத்தால் உள்ளே. அந்த யோசனையை இவர் ஏற்கவே இல்லை.

படிப்பவருக்கும் பழைய லேப்டாப்பும் சாயங்காலத்துக்குள் பட்டியல் கேட்கும் மேலதிகாரியும்தான் வாய்த்திருக்கும். முதலில் இன்டர்செக்ட் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு 'ரிமூவிங் ஃப்ரம் கரண்ட் செலக்‌ஷன்' வைத்து ஆர் விதினை ஓட்டினால் கோட்டில் நிற்கும் வீடுகள் மட்டும் மிஞ்சும். டேப்போடு நடக்க வேண்டியது அந்த வாசல்களுக்குத்தான். 1:4,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர்க் கோடு தரையில் இரண்டு மீட்டர். ஒரு திண்ணையே அதற்குள் அடங்கிவிடும். கரையிலிருந்து உப்பளப் பக்கம் போய்ப் பாத்திகளை ஒவ்வொன்றாக வரைகிறவர் 'டச்'சையும் நம்பக் கூடாது. மயிரிழை இடைவெளி விழுந்தாலும் அடுத்தடுத்த பாத்திகள் தொடாதவையாகிவிடும்.

திருத்திய பட்டியலோடு இவர் மறுபடி போனார். தேர்ந்தெடுத்த வீடுகளை க்யூஜிஐஎஸ் மஞ்சளாகக் காட்டும். அந்த அம்மா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்ப மஞ்சப் பூசிட்டியா? சரி, அப்படியே அடுப்படி ஓட்டையும் மாத்தித் தரச் சொல்லு."