பேசத் தொடங்கிய கற்கள்
(மாயர் நாகரிகம் – ஓர் ஆய்வு)

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (கணிதம்)

முன்னுரை

இக்கல்லூரியில் நான் சேர்ந்த நாளன்று, விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் என் தந்தையார் பெருவிரலில் மை தடவிப் பதித்தார். அதன் கீழே நான் கையெழுத்திட்டேன். எந்த மாதத்தில் எந்தக் காற்றுக்கு மழை வரும், எந்த மண்ணுக்கு எந்த விதை ஏற்றது என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர் அவர். அந்த விரலுக்கு எழுத மட்டும் தெரியாது. எழுத்தில் ஏறாத அறிவு எங்கே தங்குகிறது? எழுத்தே பறிபோனால் ஓர் இனத்தின் வரலாறு என்னவாகும்? இக்கேள்விகளோடு கல்லூரி நூலகத்தில் புகுந்தபோது கிடைத்ததுதான் மாயர்களின் வரலாறு. எழுத்தைப் படைத்து, அதை இழந்து, ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குப் பின் அது மீண்டும் படிக்கப்படுவதைக் கண்ட இனம் அது. அவ்வரலாற்றை என் தோழர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாயர் வாழ்ந்த நாடு

வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் இணையும் இடுப்புப் பகுதியில் மாயர் வாழ்ந்தனர். தென்கிழக்கு மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ் ஆகியவையும், ஹோண்டுராஸ், எல் சால்வடார் நாடுகளின் மேற்குப் பகுதிகளும் இவர்களது தாயகம். பெயர் ஒற்றுமையைக் கொண்டு நம் புராணங்கள் கூறும் தெய்வத்தச்சன் மயனோடு இவர்களை இணைத்துப் பேசுவாரும் உண்டு. அதற்குச் சான்று ஏதுமில்லை. மாயர் அம்மண்ணிலேயே தோன்றி, அம்மண்ணிலேயே வளர்ந்தவர்கள்.

மக்காச்சோளமே அவர்களது உயிர். இரும்பு இல்லை, வண்டி இழுக்க மாடோ குதிரையோ இல்லை. கல்லால் செய்த கருவிகளைக் கொண்டே வானளாவும் கோயில்களைக் கட்டினர். கி.பி. 250 முதல் 900 வரையிலான காலத்தை ஆய்வாளர்கள் மாயரின் செவ்வியல் காலம் என்பர். டிக்கால், பலெங்கே, கோப்பான், கலக்முல் முதலிய நகரங்கள் அக்காலத்தில் செழித்திருந்தன. மாயர் நாடு என்றும் ஒரு குடைக்கீழ் இருந்ததில்லை. ஒவ்வொரு நகரமும் தனக்கெனத் தனி மன்னனைக் கொண்டிருந்தது.

எண்ணும் காலமும்

கணித மாணவர்களாகிய நமக்கு மாயர் மீது தனிப்பற்று உண்டாகக் காரணமிருக்கிறது. நாம் பத்தின் மடங்கில் எண்ணுகிறோம். அவர்கள் இருபதின் மடங்கில் எண்ணினர். ஒரு புள்ளி ஒன்றைக் குறிக்கும். ஒரு கோடு ஐந்தைக் குறிக்கும். சிப்பி போன்ற ஒரு குறி சுழியைக் குறிக்கும். இந்த மூன்றே குறிகளால் எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதிவிடலாம். இடமதிப்பு கீழிருந்து மேலாக 1, 20, 400 என ஏறும்.

எடுத்துக்காட்டாக 1562 என்ற எண்ணைக் கொள்வோம். இதில் 400 மூன்று முறையும், 20 பதினெட்டு முறையும், 1 இரண்டு முறையும் அடங்கும். எனவே மேல் வரிசையில் மூன்று புள்ளிகள். நடு வரிசையில் மூன்று கோடுகளும் மூன்று புள்ளிகளும். கீழ் வரிசையில் இரண்டு புள்ளிகள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

அவர்களிடம் இரண்டு ஆண்டுகள் வழக்கிலிருந்தன. ஒன்று 260 நாள் கொண்ட சடங்காண்டு. மற்றொன்று, இருபது நாள் கொண்ட பதினெட்டு மாதங்களும் ஐந்து மிகை நாள்களும் சேர்ந்த 365 நாள் ஆண்டு. இரண்டும் ஒரே நாளில் தொடங்கினால், மறுபடி ஒன்றாகத் தொடங்குவது எப்போது? 260, 365 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கைக் கண்டால் 18,980 நாள்கள், அதாவது 52 ஆண்டுகள் என விடை வரும். நாம் பள்ளியில் கற்ற கணக்கை அவர்கள் வாழ்க்கையில் வைத்திருந்தனர்.

இவையன்றி, கி.மு. 3114இல் வரும் ஒரு நாளைத் தொடக்கமாகக் கொண்டு நாள்களை இடைவிடாது எண்ணும் நெடுங்கணக்கும் இருந்தது. அதில் ஒரு பெருஞ்சுற்று 18,72,000 நாள்களைக் கொண்டது. அது 2012 டிசம்பரில் நிறைவுற்றபோது உலகம் அழியும் என்று பலர் அஞ்சினர். ஆனால் பலெங்கே கல்வெட்டு ஒன்று கி.பி. 4772ஆம் ஆண்டில் வரப்போகும் ஒரு நாளையும் குறிக்கிறது. உலகம் அதுவரை இருக்கும் என்பதில் மாயருக்கு ஐயமே இல்லை!

தீக்கிரையான ஏடுகள்

ஒன்பதாம் நூற்றாண்டில் தென்பகுதி நகரங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. நீண்ட வறட்சி, ஓயாத போர், பெருகிய மக்கள்தொகை எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. நகரங்கள் அழிந்தனவே தவிர, மாயர் அழியவில்லை. வடக்கே யூகாத்தான் பகுதியில் அவர்களது வாழ்வும் எழுத்தும் தொடர்ந்தன. அத்திமர வகையின் பட்டையை அடித்துத் தாளாக்கி, அதன்மேல் வெண்சாந்து பூசி, மடிப்பு ஏடுகளாகச் செய்து அவற்றில் எழுதி வந்தனர்.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் வந்தனர். 1562ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மானி என்னும் ஊரில், டியேகோ டி லாண்டா என்ற ஸ்பானியத் துறவி மாயர்களைக் கொடிய விசாரணைக்கு உட்படுத்தினார்; கைப்பற்றிய ஏடுகளையெல்லாம் தீயிலிட்டார். மூன்று புள்ளி, பதினெட்டு, இரண்டு புள்ளி என்று நாம் எழுதிப் பார்த்த எண் இந்த ஆண்டுதான். ஏடுகள் எரிவதைக் கண்டு மக்கள் பெரிதும் வருந்தினர் என்று லாண்டாவே எழுதி வைத்திருக்கிறார். இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே ஏடுகள். அவற்றுள் மூன்று, ஐரோப்பாவில் அவை இருக்கும் டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் நகரங்களின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. நான்காவது மெக்சிகோவில் உள்ளது.

1697இல் கடைசி மாயர் அரசும் வீழ்ந்தது. அதன்பின் அவ்வெழுத்தைப் படிக்க வல்லவர் எவரும் இல்லாது போயினர். தம் பாட்டன் செதுக்கிய கல்லின் முன்னே பேரன் எழுத்தறியாதவனாக நின்றான். அவன் அறிவிலி அல்லன். அவனிடமிருந்து எழுத்து பறிக்கப்பட்டிருந்தது.

லாண்டா விட்டுச் சென்ற சாவி

வரலாற்றின் விந்தையைப் பாருங்கள்! ஏடுகளை எரித்த அதே லாண்டா, 1566ஆம் ஆண்டையொட்டி யூகாத்தானைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் மாயரின் 'அரிச்சுவடி' என்று ஒரு பட்டியலையும் சேர்த்தார். ஒரு மாயரை அருகில் அமர்த்தி, ஸ்பானிய எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, "இதற்கு உங்கள் எழுத்து என்ன?" என்று கேட்டு எழுதி வாங்கியது அது. எந்த வாக்கியமாயினும் எழுதுக என்றபோது அம்மனிதர் எழுதியது: "மா இன் காத்தி". "எனக்கு விருப்பமில்லை" என்பது அதன் பொருள். பெயர் தெரியாத அந்த எழுத்தாளரை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

லாண்டா நூலின் படி ஒன்று 1862இல் மாட்ரிட் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் அந்த அரிச்சுவடியைக் கொண்டு ஏடுகளைப் படிக்க முயன்ற அனைவரும் தோற்றனர். டிரெஸ்டன் நூலகர் ஏர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமான் எண்களையும் நாள்காட்டியையும் விளக்கினார். எழுத்து மட்டும் ஊமையாகவே நின்றது. மாயர் எழுத்து ஒலியைக் குறிப்பதன்று என்று சாதித்தார் புகழ்பெற்ற ஆங்கில அறிஞர் எரிக் தாம்சன். அவர் சொல்லை மறுக்கத் துணிந்தோர் மிகச் சிலரே.

பூட்டைத் திறந்தவர்

1952இல் ரஷ்ய நாட்டு இளம் ஆய்வாளர் யூரி கினோரோசோவ் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாயர் மண்ணை அவர் அதுவரை கண்டதில்லை. 1990இல்தான் முதன்முதலாகக் குவாத்தமாலா சென்றார். லெனின்கிராடில் அமர்ந்தபடி, அச்சில் வந்த ஏடுகளைக் கொண்டே ஆராய்ந்தார்.

அவர் வாதம் எளியது. மாயரின் குறிகள் சில நூறு உள்ளன. தனி ஒலிகளை மட்டும் குறிக்கும் நெடுங்கணக்கிற்கு இவை மிக அதிகம். சொல்லுக்கொரு குறி என்றால் மிகக் குறைவு. எனவே இது சொற்குறிகளும் அசைக்குறிகளும் கலந்த எழுத்து. லாண்டா 'பே' என்று எழுத்தின் பெயரைச் சொன்னபோது, மாயர் 'பே' என்னும் அசைக்குரிய குறியைத்தான் எழுதிக் கொடுத்தார். உயிர்மெய் எழுத்துகளோடு வளர்ந்த நமக்கு இது உடனே விளங்கும்.

இதற்குச் சான்று என்ன? ஏட்டில் வான்கோழிப் படத்தின் மேல் இரு குறிகள் உள்ளன. வான்கோழிக்கு மாய மொழியில் 'குட்ஸ்' என்று பெயர். முதற்குறி லாண்டாவின் பட்டியலில் 'கு' என்றிருக்கிறது. ஆகவே இரண்டாவது 'ட்சு' ஆதல் வேண்டும். அடுத்து, நாய்ப் படத்தின் மேலும் இரு குறிகள் உள்ளன. அவற்றுள் முதலாவது அதே 'ட்சு'. இரண்டாவது லாண்டா 'ல்' என்று காட்டிய குறி. சேர்த்துப் படித்தால் 'ட்சுல்'. பழைய யூகாத்தான் மொழியில் அதற்கு நாய் என்றே பொருள்! ஒரு சமன்பாட்டில் கண்ட மதிப்பை மற்றொன்றில் இட்டுச் சரிபார்ப்பது போன்றதே இம்முறை.

தாம்சன் 1975இல் மறையும் வரை இதை ஏற்கவில்லை. எனினும் உண்மை நின்றது; மறுப்பு மறைந்தது.

கற்கள் சொன்ன செய்தி

படித்துப் பார்த்தபோது கற்கள் சொன்னது என்ன? மாயர் கல்வெட்டுகள் வானையும் காலத்தையும் மட்டுமே பேசுகின்றன, அவற்றில் மனிதர் வரலாறு இல்லை என்று அதுவரை எண்ணியிருந்தனர். 1960இல் தத்தியானா புரோஸ்குரியாக்கோவ் என்ற பெண்மணி இதை மாற்றினார். கட்டடக்கலை பயின்ற அவர், பியெத்ராஸ் நெக்ராஸ் நகரின் நடுகற்களிலுள்ள ஆண்டுகளைப் பட்டியலிட்டார். அவை தொகுதி தொகுதியாகப் பிரிந்தன. எந்தத் தொகுதியும் ஒரு மனித வாழ்நாளைத் தாண்டவில்லை. முகம் மேல்நோக்கிய தவளைக் குறி பிறப்பையும், தலையில் கட்டுப் போட்ட பறவைக் குறி முடிசூட்டையும் குறிப்பதை அவர் உணர்ந்தார். கல்லில் இருந்தவர்கள் தெய்வங்கள் அல்லர். பிறந்து, ஆண்டு, இறந்த மனிதர்கள்.

1973இல் பலெங்கேயில் ஆய்வாளர்கள் கூடினர். ஓவிய ஆசிரியை லிண்டா ஷீலியும், மொழியியலறிஞர் ஃபிளாய்டு லவுன்ஸ்பரியும், இளங்கலை மாணவர் பீட்டர் மேத்யூஸும் சேர்ந்து, ஒரே பிற்பகலில் அந்நகர மன்னர் வரிசையைத் தொகுத்து அவையில் அறிவித்தனர். நம்மைப் போன்ற ஒரு கல்லூரி மாணவர் அம்மூவருள் ஒருவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

அம்மன்னருள் தலையாயவர் பக்கால். 603இல் பிறந்து, 12 வயதில் முடிசூடி, 683இல் மறைந்தவர். அவரது கல்லறையை 1952இல் அல்பெர்த்தோ ரூஸ் என்ற மெக்சிகோ ஆய்வாளர் கண்டுபிடித்தார். கல்லும் மண்ணும் இட்டு அடைத்திருந்த படிக்கட்டை அகற்றி உள்ளே செல்ல மட்டும் ஆண்டுகள் சில பிடித்தன. அக்கல்லறை மூடியில் செதுக்கப்பட்டவர் விண்கலம் ஓட்டுகிறார் என்று 1968இல் வெளிவந்த ஒரு நூல் கூறி, உலகெங்கும் விற்றது. கல்லைப் படிக்கத் தெரியாதபோது எவரும் எதையும் சொல்லலாம். படிக்கத் தெரிந்தபின் அங்கே விண்வெளி வீரர் இல்லை. இறப்புக்கும் மறுபிறப்புக்கும் இடையே கிடக்கும் ஒரு மன்னரே இருக்கிறார்.

கற்கள் புகழை மட்டும் சொல்லவில்லை. 562இல் டிக்கால் தோற்றதையும், 738இல் கோப்பான் மன்னர் சிறைப்பட்டுத் தலை கொய்யப்பட்டதையும் அவை மறைக்காமல் சொல்லுகின்றன. அமைதியே உருவான முனிவர் கூட்டம் என்ற பழைய கற்பனை மறைந்து, நம்மைப் போன்ற மனிதர்களாக மாயர் வெளிப்பட்டனர்.

இன்றைய மாயர்

மாயர் மறைந்துபோன இனம் என்று எண்ணுவது பெருந்தவறு. பல இலட்சம் மக்கள் இன்றும் ஏறத்தாழ 30 மாய மொழிகளைப் பேசுகின்றனர். குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் பேரிழப்புக்கு ஆளானவர்களும் அவர்களே. ஆயினும் குவாத்தமாலா மலைநாட்டில் நாள் கணிப்போர் 260 நாள் கணக்கை இன்றும் தவறவிடாமல் காத்து வருகின்றனர். ஏடு இல்லை, எழுத்து இல்லை; வாய்வழியாகவே நூற்றாண்டுகளைக் கடந்து வந்த கணக்கு அது. 1980களின் இறுதியிலிருந்து லிண்டா ஷீலி முதலியோர் மாயருக்கே அவர்களது பழைய எழுத்தைக் கற்பிக்கும் வகுப்புகளை நடத்தினர். பேரன் மீண்டும் பாட்டன் கல்லைப் படிக்கத் தொடங்கினான்.

முடிவுரை

தோழர்களே! எழுத்தை எரிக்க ஒரு நாள் போதும். மீட்க ஏறத்தாழ 400 ஆண்டுகள் வேண்டும். மாயர் வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம் இது. மற்றொன்றும் உண்டு. எழுத்து போனபின்னும் நாள் கணக்கை நெஞ்சில் சுமந்து வந்த எளிய உழவர்கள் இல்லாவிடில், அவர்கள் பேசிக் காத்த மொழி இல்லாவிடில், எந்த அறிஞராலும் அந்தக் கற்களைப் பேச வைத்திருக்க முடியாது. 'ட்சுல்' என்றால் நாய் என்று சொல்ல ஒரு மொழி உயிரோடு இருந்தது. அதனாலன்றோ பூட்டுத் திறந்தது!

விண்ணப்பத்தில் பதிந்த அந்த விரல் ரேகையை இன்று நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். எழுதாத விரலும் காத்துத் தந்திருக்கிறது. எழுதக் கற்ற விரலுக்கு அதைப் பதிந்து வைக்கும் கடமை இருக்கிறது. இம்மலர் கைக்கு வந்ததும் இக்கட்டுரையை என் தந்தையாருக்குப் படித்துக் காட்டுவேன். பிறகு அவர் சொல்லும் மழைக் கணக்கை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குவேன்.